ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் முன்னால் இரண்டில்தான் சத்தம் வருகிறது

காரிமங்கலத்துக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய ஏவி ரிசீவர் (சத்தத்தைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்குத் தரும் பெட்டி) ஒன்று, ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப் ஊஃபர் வாங்கி வந்தேன். எங்கள் ஹால் 14க்கு 10 அடி. செட்டாப் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் டிவிக்குப் போகிறது. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிள் ரிசீவருக்கு வருகிறது.

டிவியில் இருக்கும் ஆப்பில் படம் போட்டால் முன்னால் இடது, வலது இரண்டில்தான் சத்தம். நடு ஸ்பீக்கரும் பின்னால் இரண்டும் ஊமை. ரிமோட்டில் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' அழுத்தினால் ஐந்திலும் வருகிறது, ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தம். சப் ஊஃபரில் படம் ஓடாத நேரத்திலும் 'ம்ம்ம்' என்று இரைகிறது.

அப்பாவுக்கு 71 வயது, காது கொஞ்சம் மந்தம். சண்டைக் காட்சி காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை என்று பாதியில் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகிறார். அவருக்காகத்தான் இவ்வளவும் வாங்கினேன். இங்கே ஒரு மெக்கானிக் மூன்று ஸ்பீக்கரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

ஓசூர் நைட் ஷிஃப்ட்:

மாற்றாதீர்கள். படம் ஓடும்போது ரிசீவர் டிஸ்பிளேயில் என்ன எழுத்து வருகிறது? 'பிசிஎம்' (சுருக்கிக் கட்டாத டிஜிட்டல் சத்தம்) என்று வந்தால் டிவியே ஐந்தை இரண்டாகச் சுருக்கி அனுப்புகிறது. டிவியில் சவுண்ட் செட்டிங் உள்ளே டிஜிட்டல் அவுட்புட்டை ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ (வந்ததை அப்படியே அனுப்புவது) என்று மாற்றிப் பாருங்கள். எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது.

பென்னாகரம் மைக்செட்:

தம்பி, 26 வருஷமாக மைக்செட் போடுகிறேன். ஸ்பீக்கரில் கை வைக்க வேண்டாம். ஆல் சேனல் அழுத்தினால் ஐந்திலும் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஸ்பீக்கர், ஒயர், ஆம்ப் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. ரிசீவருக்கு வந்து சேரும் சத்தத்திலேயே இரண்டு சேனல்தான் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் மடையைப் போய்ப் பார்ப்போமா, வயலைத் தோண்டுவோமா?

ஆப்டிகல் கேபிள் ஒளியில் வேலை செய்வது. நல்ல கேபிள்தான், ஆனால் அதற்குள் போகக்கூடியது இரண்டு வகை. ஒன்று, இரண்டு சேனல் பிசிஎம். இன்னொன்று, சுருக்கிக் கட்டிய பழைய டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப் ஊஃபருக்கும் தனித்தனிச் சத்தம். இன்றைய ஆப்புகள் பெரும்பாலும் தருவது டால்பி டிஜிட்டல் பிளஸ். அது ஆப்டிகலில் அப்படியே போகாது. சில டிவி அதைப் பழைய டால்பியாக மாற்றி அனுப்பும், சில டிவி இரண்டு சேனலாக்கிவிடும்.

அதனால் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள். டிவியின் பின்னால் ஏதாவது ஒரு எச்டிஎம்ஐ துளையில் 'ஏஆர்சி' (டிவியின் சத்தத்தை அதே ஒயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கும். ரிசீவரில் எச்டிஎம்ஐ 'அவுட்' என்று இருக்கும் துளையிலும் அதே எழுத்து இருக்கிறதா பாருங்கள். இந்த வசதி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 கூடத்தான் வந்தது, அதற்கு முந்தைய ரிசீவரில் இருக்காது. இருந்தால் இரண்டையும் ஒரே ஒயரில் இணையுங்கள். டிவியிலிருந்து சத்தம் வருவதால் ரிசீவரின் 'இன்' துளையில் சொருகத் தோன்றும். அங்கே சொருகினால் ஒன்றும் வராது. ஒரே ஒயரில் படம் போகும், சத்தம் திரும்பி வரும், அதனால் 'அவுட்' துளைதான். இரண்டு பக்கமும் சிஇசி (எச்டிஎம்ஐ ஒயர் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி), ஏஆர்சி இரண்டையும் செட்டிங்கில் ஆன் செய்யுங்கள். செட்டாப் பாக்ஸை டிவியிலிருந்து கழற்றி நேராக ரிசீவரின் 'இன்' துளையில் கொடுத்துவிடுங்கள்.

அப்பா விஷயம்தான் முக்கியம். படத்தில் வசனத்தில் பெரும்பங்கு நடு ஸ்பீக்கருக்குத்தான் வரும். அதை ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். பலகையின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, உட்கார்ந்திருப்பவர் காதைப் பார்த்து லேசாகச் சாய்த்து வையுங்கள். ஸ்பீக்கர் லெவல் மெனுவில் சென்டரை மட்டும் 3 டெசிபல் ஏற்றுங்கள். பழைய படங்களில் 5.1 கிடையாது. அதற்கு ரிசீவரில் 'புரோ லாஜிக்' அல்லது 'டால்பி சரவுண்ட்' என்று ஒரு மோட் இருக்கும். இடது வலது இரண்டிலும் ஒன்றாக வரும் குரலைப் பிரித்து நடு ஸ்பீக்கருக்குத் தரும். ஆல் சேனல் பட்டனை மறந்துவிடுங்கள், வசனத்தைக் குழப்புவதே அதுதான்.

ஊத்தங்கரை வயரிங்:

இரைச்சலுக்கு மட்டும் சொல்கிறேன். ரிசீவரிலிருந்து சப் ஊஃபருக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் எர்த் பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். நிற்காவிட்டால் சப் ஊஃபருக்குள் கோளாறு. டிவி, ரிசீவர், சப் ஊஃபர் மூன்றையும் ஒரே சுவர் பிளக்கிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷனில் கொடுங்கள். நம் பக்கம் பாறை நிலம், சித்திரையில் எர்த் குழி காய்ந்துபோகும். கரியும் உப்பும் போட்ட குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் எர்த் பின்னை வெட்ட வேண்டாம். இரைச்சல் போனாலும் போகும், ஷாக் அடித்தால் ஆளே போய்விடுவார்.

காரிமங்கலத்துக்காரன்:

அண்ணா, நேற்று ராத்திரி உட்கார்ந்து மாற்றினேன். முதலில் டிவி செட்டிங்கை மட்டும் மாற்றிப் பார்த்தேன், டிஸ்பிளேயில் பிசிஎம்மே நின்றது. ஏஆர்சி துளைகளை இணைத்ததும் 'டால்பி டிஜிட்டல் பிளஸ்' என்று வந்தது. மழைக் காட்சி ஒன்றில் பின்னால் ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டு அம்மா, வெளியே காயப்போட்ட புளியை எடுக்க எழுந்துவிட்டார். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரே பிளக்கில் மாற்றியதும் இரைச்சல் முக்கால்வாசி குறைந்துவிட்டது. சென்டரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தேன், அப்பா இடைவேளை தாண்டியும் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றுதான் குறை. பாட்டுப் போட்டால் முன் ஸ்பீக்கர் இரண்டும் சேர்ந்து பாடும்போது அடிச்சத்தம் (பேஸ்) வரவில்லை, மெலிந்து கேட்கிறது. ஒன்றை மட்டும் கேட்டால் நன்றாக இருக்கிறது.

பென்னாகரம் மைக்செட்:

சந்தோஷம் தம்பி. அப்பா உட்கார்ந்திருந்தார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

மெலிந்து கேட்பது ஒயர் மாறியதால்தான் இருக்கும். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் ஒரு கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கும், அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்குக்கு நான் செட் போட்ட முதல் வருஷம் இதே கதி. நான்கு பாக்ஸ் வைத்தும் பம்பை அடி மேடையைத் தாண்டவில்லை. மதியம் வரை ஆம்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரே ஒரு பாக்ஸில் ஒயர் மாறியிருந்தது. அந்த அரை நாளை இன்றும் மறக்கவில்லை, அதனால்தான் ஒயரின் ஒரு முனையில் எப்போதும் சிவப்பு டேப் சுற்றிவிடுவேன்.

ரிசீவரை அணைத்து, ஸ்பீக்கர் ஒயரை ரிசீவர் பக்கம் கழற்றுங்கள். 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை ரிசீவரின் சிவப்புத் துளையில் இருந்த ஒயரிலும், மைனஸை மற்றதிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஸ்பீக்கர் வலையைக் கழற்றி கோனைப் பாருங்கள். வெளியே துள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாற்றிச் சொருகுங்கள். பின் ஸ்பீக்கர் இரண்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள். தோலுரித்த இழைகளை நன்றாக முறுக்கிச் சொருகுங்கள். ஒரு இழை பக்கத்துத் துளையைத் தொட்டாலும் ரிசீவர் அணைந்துவிடும்.

பின் ஸ்பீக்கரைச் சுவர் மூலையில் வைக்க வேண்டாம். சோபாவுக்குப் பக்கவாட்டில், தலைக்குக் கொஞ்சம் பின்னால், காதுக்கு ஒன்றரை இரண்டு அடி மேலே மாட்டுங்கள். பிறகு மெனுவில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அப்பா உட்காரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து கொடுங்கள். சத்தம் ஒரு அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் ஆகும். தூரம் சரியாக இருந்தால் அதைக் கணக்கிட்டு ரிசீவரே நேரத்தை ஒழுங்கு செய்துகொள்ளும்.