எதிர்பாராமல் பொரிந்த கெக்கோ குஞ்சுகள்: ஒன்று சாப்பிட மறுக்கிறது

என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெண் லெப்பர்ட் கெக்கோ (செல்லமாக வளர்க்கும் ஒரு வகைப் பல்லி). வாங்கி மூன்று மாதங்கள் ஆகின்றன. அதற்கு முன்பே ஆணோடு இருந்திருக்க வேண்டும். முட்டையிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஒன்பது நாட்களுக்கு முன்பு அதன் கூண்டில் ஈரப்பாசி நிரப்பி வைத்திருந்த பெட்டியைத் திறந்தால், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்ட இரண்டு குஞ்சுகள்!

தாயே தின்றுவிடக்கூடும் என்பதால் அன்றே தனித்தனிப் பெட்டிகளுக்கு மாற்றினேன். அடியில் ஈரமான காகிதத் துண்டு, சூடான பக்கம் 31 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26. முதல் சில நாட்கள் மஞ்சள்கருவின் மிச்சத்திலேயே வாழும் என்பதால் பதறவில்லை.

பெரியது ஐந்தாம் நாளிலிருந்து கால்சியம் தூள் தூவிய சிறு சிள்வண்டுகளை விரட்டிப் பிடிக்கிறது. சிறியது ஒன்றையும் தொடவில்லை. நேற்று ஒரு சிள்வண்டு அதன் தலைமேலேயே ஏறி நின்றது. இது கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான். வால் மெலிகிறது. எடை 3 கிராமிலிருந்து 2.5 ஆகிவிட்டது. முன்கால் விரல்களில் உரிந்த தோல் வளையமாக ஒட்டியிருந்ததை வெதுவெதுப்பான நீரில் நனைத்து எடுத்துவிட்டேன்.

மாவுப்புழுவை இடுக்கியில் பிடித்து ஆட்டிக் காட்டினேன், இருட்டிய பிறகு இரை வைத்தேன், ஒளிய இடமும் கொடுத்தேன். பலனில்லை.

இப்போதே வாயைத் திறந்து ஊட்ட வேண்டுமா, இன்னும் இரண்டு நாள் தொந்தரவு செய்யாமல் விட வேண்டுமா?