சூடானதும் பிரேக் பெடல் கல்லு மாதிரி ஆயிடுது, பூஸ்டர மாத்தித்தான் ஆகணுமா?

கருப்பு_ஹேட்ச்பேக்:
எல்லாருக்கும் வணக்கம். என்னோடது பெட்ரோல் வண்டி, ஒம்பது வருஷம் ஆச்சு. ரெண்டு வாரமா ஒரு தொல்லை. காலைல எடுக்குறப்ப பிரேக் நல்லாத்தான் இருக்கு, ஒரு அரை மணி நேரம் ஓடி சூடானப்புறம் நெரிசல்ல அடுத்தடுத்து பிரேக் புடிச்சா மூணாவதோ நாலாவதோ தடவ பெடல் கீழ போகவே மாட்டேங்குது, செங்கல்ல மிதிக்கிற மாதிரி இருக்கு. பலம் பூரா போட்டு மிதிச்சாத்தான் நிக்குது. நேத்து முன்னாடி வண்டிக்கும் எனக்கும் நடுவுல ஒரு சாண் தான் மிச்சம், பக்கத்துல இருந்த அம்மா ஒண்ணும் சொல்லல, ஆனா வீடு வர்ற வரைக்கும் மேல இருக்குற கைப்பிடிய விடல. கொஞ்ச நேரம் கால எடுத்துட்டா திரும்ப நார்மல். ஃப்ளூயிட் லெவல் கரெக்ட், பேடும் புதுசு. மெக்கானிக், நம்ம மிதிக்கு பலம் சேக்குற பூஸ்டர் போயிடுச்சு, மாத்தணும்ங்குறாரு. மாத்திடவா?

வண்டிப்பைத்தியம்:
ஏர் புகுந்திருக்கும் ப்ரோ. ப்ளீடு பண்ணி, அதாவது லைன்ல இருக்குற காத்த வெளியேத்தி, டாட் 4 பிரேக் ஃப்ளூயிட் புதுசா ஊத்துங்க, சரியாயிடும்.

ஸ்பானர்_மாமா:
ஏர் இருந்தா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், கல்லாகாது. கெட்டியாகுதுன்னா பெரும்பாலும் பூஸ்டருக்கு வேக்கம், அதாவது இன்ஜின் உறிஞ்சுறதால வர்ற வெற்றிடம், பத்தலன்னு அர்த்தம்.
தம்பி, பூஸ்டர மாத்துறதுக்கு முன்னாடி காசு செலவில்லாம ரெண்டு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இன்ஜின் ஆஃப்ல பெடல அஞ்சாறு தடவ மிதிங்க, கெட்டியாயிடும். அப்படியே கால வச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கணும். இறங்கலன்னா வேக்கம் வரல, இல்ல பூஸ்டர் வேலை செய்யல. அடுத்தது, இன்ஜின ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணிட்டு மெதுவா விட்டு விட்டு மிதிங்க, முதல் மிதி நல்லா கீழ போயி அப்புறம் ஒவ்வொரு மிதிக்கும் பெடல் மேல மேல நிக்கணும். முதல் மிதியே கல்லா இருந்தா எங்கயோ லீக்கு. மிதிக்கும்போது பெடல்கிட்ட உஸ்ஸுன்னு சத்தம் விடாம வருதான்னும், ஐட்லிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் ஓடுறது) தடுமாறுதான்னும் பாருங்க, அப்படின்னா பூஸ்டருக்கு உள்ள இருக்குற டயாஃப்ரம்ங்குற ரப்பர் சவ்வு கிழிஞ்சிருக்கலாம்.
அதுவரைக்கும் வண்டிய வெளிய எடுக்காதீங்க. எப்பவாச்சும் ஓடுறப்ப இப்படி ஆச்சுன்னா திரும்பத் திரும்ப மிதிக்காதீங்க, ஒவ்வொரு மிதிக்கும் மிச்சமிருக்குற வேக்கமும் போயிடும். ஒரே மிதியா அழுத்திப் புடிச்சுக்கிட்டு கியர இறக்குங்க.

டீசல்_ஆளு:
எனக்கும் இதே கதை, ஆனா டீசல். டீசல்ல, இன்ஜினுக்கு காத்து போற மானிஃபோல்டுலேர்ந்து அந்த அளவுக்கு வேக்கம் வராது, அதனால தனி வேக்கம் பம்ப் இருக்கும், எனக்கு அதுதான் தேஞ்சு போயிருந்துச்சு. உங்களுக்கு இது பொருந்தாதுன்னு நினைக்கிறேன், டீசல்காரங்க யாராச்சும் படிச்சா உதவட்டும்னு போடுறேன்.

கருப்பு_ஹேட்ச்பேக்:
மாமா, ரெண்டு டெஸ்டும் பாஸ்! உஸ் சத்தம் இல்ல, ஐட்லிங்கும் ஆடல. ஆனா இது காலைல வண்டி ஆறி இருந்தப்ப பண்ணது. சாயங்காலம் சூட்டோட பண்ணேன், அப்பவும் பாஸ்தான், ஆனா நாலு தடவ வேகமா மிதிச்சா திரும்பவும் கல்லு. இப்ப எனக்கு இன்னும் கொழப்பம்.

ஸ்பானர்_மாமா:
இதுல கொழப்பமே இல்ல தம்பி, பாதி விடை இதுலயே இருக்கு. முதல் மிதி நல்லா இருக்குன்னா பூஸ்டர் வேக்கத்த புடிச்சு வைக்குது, ஓட்டை இல்ல. காலி ஆனதுக்கப்புறம் திரும்ப நிரம்பத்தான் நேரம் எடுக்குது. அப்படின்னா வழியில அடைப்பு. மானிஃபோல்டுலேர்ந்து பூஸ்டருக்குப் போற தடிச்ச ஹோஸ் இருக்குல்ல, அதப் பாருங்க. பூஸ்டர் முனையில இருக்குற ஒருவழி வால்வையும் கழட்டி ஊதிப் பாருங்க, பூஸ்டர் பக்கத்துலேர்ந்து ஊதுனா காத்து தாராளமா போகணும், இன்ஜின் பக்கத்துலேர்ந்து ஊதுனா போகவே கூடாது. வேக்கம் கேஜ் இருந்தா ஐட்லிங்ல மானிஃபோல்டுல 17லேர்ந்து 22 அங்குலம் மெர்குரி காட்டும், அதே அளவு பூஸ்டர் முனையிலயும் சீக்கிரமே வரணும்.
அந்த ஹோஸ எப்பவாச்சும் மாத்துனீங்களா?

கருப்பு_ஹேட்ச்பேக்:
ரெண்டு மாசம் முன்னாடி வேற வேலைக்கு இன்ஜின தொட்டாங்க, அப்ப விரிசல் விட்டிருக்குன்னு மாத்துனதா பில்லுல இருக்கு. இத நான் சொல்லவே மறந்துட்டேன், மன்னிச்சுக்கோங்க.

ஸ்பானர்_மாமா:
அடடா. ஹோஸ் மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அப்புறம் சூட்டோட பானெட்ட தொறந்து வச்சு ஒருத்தர மிதிக்கச் சொல்லிட்டு வளைவுல கண்ண வைங்க. ஃபேன்கிட்ட கைய கொண்டு போயிடாதீங்க.

கருப்பு_ஹேட்ச்பேக்:
கண்டுபிடிச்சாச்சு!!! துடைச்சுப் பாத்தா ஃப்யூல் ஹோஸ்னு வெள்ள எழுத்துல இருக்கு. தம்பிய உள்ள உக்கார வச்சு மிதிக்கச் சொன்னேன், மூணாவது மிதியில அந்த வளைவு கண்ணு முன்னாடியே சப்பையாயிடுச்சு, உறிஞ்சுற ஸ்ட்ரா ஒட்டிக்கும்ல அப்படி, அப்புறம் பொறுமையா உருண்டைக்கு வருது. ஆறி இருந்தப்ப விரலால அமுக்குனா கிண்ணுன்னு இருந்தது, சூட்டுல பிசைஞ்ச மாவு. வால்வு நல்லா இருக்கு.

ஸ்பானர்_மாமா:
அதேதான். ஃப்யூல் ஹோஸ் உள்ளேர்ந்து தள்ளுற அழுத்தத்த தாங்கும், உறிஞ்சுனா எல்லாமே தாங்காது, அதுவும் சூட்டுல. பிரேக் பூஸ்டருக்குன்னே வர்ற வேக்கம் ஹோஸ் வாங்குங்க, உங்க மாடலுக்கு வளைவோட வார்த்து வந்தா ரொம்ப நல்லது. நேர் ஹோஸ மடக்கிப் போடாதீங்க.

வண்டிப்பைத்தியம்:
நான் ப்ளீடு பண்ணச் சொன்னத யாரும் ஞாபகம் வச்சுக்க வேணாம் 😅

கருப்பு_ஹேட்ச்பேக்:
மாத்தி மூணு நாள் ஆச்சு, ரெண்டு முனையிலயும் கிளிப்பும் புதுசு. நேத்து ஒரு மணி நேரம் நெரிசல்ல ஊர்ந்தேன், ஒரு தடவகூட கெட்டியாகல. பழைய ஹோஸ மெக்கானிக்கிட்ட காட்டுனேன், திருப்பித் திருப்பிப் பாத்துட்டு பூஸ்டர் பேச்சையே எடுக்கல. அம்மா மட்டும் இன்னும் கைப்பிடிய விடல.