சிங்கப்பூர் சொத்து வரி: அப்பாவை நொவீனா வரி அலுவலகத்துக்கு நேரில் கூட்டிப் போகலாமா?

செங்காங் மகள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. அம்மா போன பிறகு ஈசூன் மூவறை வீட்டில் தனியாகத்தான் இருந்தார். போன ஆகஸ்ட்டில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதற்கப்புறம் நான் விடவில்லை, செங்காங்குக்கு என்னோடு கூட்டி வந்துவிட்டேன். செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஈசூன் வீட்டை முழுசாக வாடகைக்கு விட்டோம். வீடமைப்புக் கழக (வீவக) அனுமதி, முத்திரை வரி எல்லாவற்றையும் வீட்டு முகவர் பார்த்துக்கொண்டார். சொத்து வரி மாறும் என்பதைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது கடிதம் வந்திருக்கிறது. வீட்டின் ஆண்டு மதிப்பு 10,200 வெள்ளி. போன ஆண்டு தொடக்கத்தில் வந்த கடிதத்தில் வரி பூஜ்யம். இந்த ஆண்டுக்கு 1,224 வெள்ளி. போன செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரைக்கு இன்னொரு 408.

“பூஜ்யம்னு எழுதினவனே ஆயிரத்து இருநூறு கேட்கிறானா? நான் நேரில் போய்க் கேட்கிறேன்” என்கிறார் அப்பா. செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை செய்த காலத்தில் வருமான வரிக் கடிதம் வந்தால் புல்லர்ட்டன் கட்டடத்துக்கே நேரில் போய்ப் பேசிவிட்டு வருவாராம். அது ஹோட்டலாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வரி அலுவலகம் நொவீனாவில் இருக்கிறது, எல்லாம் இப்போது இணையத்தில்தான் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பதாக இல்லை. அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைகிற சிங்பாஸ் செயலியைத் திறந்தால் முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்கிறது. சரியாக அந்த நொடியில் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து “வந்துச்சா?” என்று கேட்பார். ஐந்து தடவை அப்படியே ஆனது.

முன்பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டுமா? பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசுவார்களா? தமிழ் தெரிந்தவர் இருப்பாரா? அரை நாள் லீவு போடுவதற்கு அது தகுமா? போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கோப்பி ஓ எழுதியது:

தகாது. கடிதம் சரி, உங்கள் அப்பா சொல்வதுதான் தப்பு.

சொந்தக்காரர் அதே வீட்டில் குடியிருந்தால்தான் அந்தக் குறைந்த விகிதம். 2025லிருந்து ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. அதற்கு முன் 8,000 வரைதான் அப்படி இருந்தது. உங்கள் வீடு 10,200, அதனால் பூஜ்யம். குடியிருக்காவிட்டால் முதல் 30,000 வெள்ளிக்கு 12 விழுக்காடு. 10,200க்கு 1,224. நான்கு மாதத்துக்கு 408. கணக்கு ஒரு காசு பிசகவில்லை.

வாங்குகிற வாடகையை வைத்துத்தான் வரி போடுகிறார்கள் என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டு மதிப்பு என்பது அந்த மாதிரி வீட்டுக்குச் சந்தையில் ஆண்டுக்கு என்ன வாடகை கிடைக்கும் என்ற மதிப்பீடு. சாமான், பராமரிப்புக் கட்டணம் அதில் சேராது. நீங்கள் வாடகையைக் கூட்டி விட்டாலும் குறைத்து விட்டாலும் பூட்டியே போட்டாலும் அது மாறாது.

கேள்வி இருந்தாலும் முதலில் கட்டிவிடுங்கள். ஆண்டு வரிக்கு ஜனவரி 31 கெடு, தவறினால் 5 விழுக்காடு அபராதம்.

உட்லண்ட்ஸ் வாசி எழுதியது:

கோப்பி ஓ கணக்கு சரி. ஆனால் அவர்கள் கேட்டது கணக்கு இல்லையே தம்பி.

நான் போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பதிவு கட்டாயம் செய்யுங்கள், அது இல்லாமல் போய் நிற்காதீர்கள். செய்யும்போது எந்த வரி என்று பார்த்துச் செய்யுங்கள். நான் அவசரத்தில் வருமான வரி என்று அழுத்திவிட்டேன். அங்கே போய்த்தான் தெரிந்தது. என் தப்பு, யாரைக் குறை சொல்ல? இன்னொரு நாள் போனேன்.

நொவீனா எம்ஆர்டியிலிருந்து ரெவின்யூ ஹவுஸ் நடக்கிற தூரம்தான், ஆனால் நியூட்டன் ரோட்டில் வெயில் பின்மண்டையில் அடிக்கும். குடை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, வந்த கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றும் போதும். எங்களுக்குக் கிடைத்த அதிகாரி சீனப் பையன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் மொழிபெயர்த்தேன். அவன் அவசரப்படவே இல்லை, அம்மா சொன்னதையே மூன்று தடவை சொன்னபோதும் தலையாட்டிக் கேட்டான். தமிழ் பேசுபவர் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம்.

சிங்பாஸ் தகராறுக்கு நொவீனா போக வேண்டியதில்லை. நூலகத்திலும் சமூக மன்றத்திலும் மின்னிலக்கத் தூதர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பெரியவர்களுக்குச் செய்து கொடுப்பார்கள்.

பேரன் எழுதியது:

அக்கா, ஒரு யோசனை. ஓர் அறையைப் பூட்டி அப்பா பெயரில் வைத்துக்கொண்டு மற்ற அறையை மட்டும் வாடகைக்கு விட்டதாகச் சொன்னால் பழைய விகிதம் கிடைக்குமே?

கோப்பி ஓ எழுதியது:

அறை வாடகைக்கு விட்டால் பழைய விகிதம் உண்டுதான், ஆனால் சொந்தக்காரர் மெய்யாகவே அங்கே குடியிருக்க வேண்டும். பூட்டு குடியிருந்தால் போதாது. அந்த அக்காவை வம்பில் மாட்டிவிடாதே. மாற்றம் வந்தால் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டியதும் சொந்தக்காரர் கடமை, முகவர் கடமை இல்லை.

செங்காங் மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம், புதன்கிழமை.

பத்தரைக்கு முன்பதிவு. ஏழு மணிக்கே அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பையில் பேனா செருகி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மடியில் ஒரு நீலக் கோப்பு. உள்ளே 1987இல் வீடு வாங்கியதிலிருந்து வந்த சொத்து வரிக் கடிதம் ஒவ்வொன்றும், ஆண்டு வாரியாக, ரப்பர் பேண்ட் போட்டு. இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

செங்காங்கிலிருந்து லிட்டில் இந்தியா, அங்கே மாறி நியூட்டன், மறுபடி மாறி ஒரு ஸ்டேஷன் தள்ளி நொவீனா. கைத்தடியோடு மூன்று ரயில். டாக்சி பிடித்திருக்கலாம், “வரியும் கட்டி டாக்சிக்கும் கட்டணுமா?” என்றார்.

எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு மலாய்ப் பெண், முப்பது வயது இருக்கும். நான் ஆங்கிலத்தில் தொடங்குவதற்குள் அப்பா மலாயில் இறங்கிவிட்டார். கப்பல் பட்டறை மலாய், இலக்கணம் எல்லாம் கிடையாது. அந்தப் பெண்ணின் முகமே மாறிவிட்டது, உடனே பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்பா கோப்பைத் திறந்து ஒவ்வொரு கடிதமாக மேசையில் அடுக்கினார். 2025 கடிதத்தைக் காட்டி, இதில் பூஜ்யம், இதுவும் அதே வீடுதானே என்றார். அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்தார், ஒன்றையும் ஒதுக்கித் தள்ளவில்லை. அப்புறம் மெதுவாக, “பாக்சிக் திடோர் மானா?” என்று கேட்டார். இப்போது எங்கே தூங்குகிறீர்கள் என்று.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ருமா அனாக்” என்றார். பிள்ளை வீட்டில்.

அதுதான் விஷயம், அதனால்தான் விகிதம் மாறியது என்று அந்தப் பெண் சொன்னார். அப்பா விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தபால்பெட்டியைத் திறக்கிறேனே, அது கணக்கில் வராதா என்று கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் சிரிக்காமல், வராது பாக்சிக், ஆனால் நீங்கள் திரும்பிப் போய்க் குடியிருக்கிற அன்று எங்களுக்குச் சொன்னால் அந்தத் தேதியிலிருந்து பழையபடி ஆகிவிடும் என்றார். அப்பா அதை எழுதித் தரச் சொன்னார். கடிதத்தின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

வெளியே வந்து தேக்காவுக்குப் போனோம். மீன் தலைக் கறி வேண்டும் என்றார், பாதிகூடச் சாப்பிடவில்லை. வரி ஒரு நாளைக்கு மூன்றரை வெள்ளிகூட வராது என்று கைத்துடைப்புத் தாளில் பெருக்கிப் பார்த்து அவரே சொன்னார். ஈசூன் வீட்டைப் பற்றி வேறு பேச்சில்லை.

உட்லண்ட்ஸ் வாசி எழுதியது:

படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்றார்கள்.

கோப்பி ஓ எழுதியது:

சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அரை நாள் லீவு தகும். ஜைரோ போட்டீர்களா? வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகவே கழியும், 12 மாதத் தவணை, வட்டி கிடையாது. மாதம் 102 வெள்ளிதான்.

செங்காங் மகள் எழுதியது:

போட்டாயிற்று. என் கணக்கிலிருந்து கழியட்டும் என்றேன், சம்மதிக்கவில்லை, அவருடைய கணக்குதான் வேண்டுமாம். 408ஐ அன்று சாயங்காலமே புளோக் கீழே இருக்கிற ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கட்டினோம். ரசீது வெளியே வருவதற்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கோப்பில் கடைசித் தாளாக வைத்திருக்கிறார்.