டாப்சன் கலைக்களஞ்சியம்: அமெரிக்காவின் முதலாவதா, எடின்பரோவின் நகலா?

சாய்வுநாற்காலி:
ஒரு வினாடி வினாக் குழுவில் "அமெரிக்காவின் முதல் பொதுக் கலைக்களஞ்சியம் எது?" என்று கேட்டு, "தாமஸ் டாப்சனுடையது, ஃபிலடெல்ஃபியா, 1790–98" என்று விடை போட்டிருந்தார்கள். எனக்கு இது ஒப்பவில்லை.

எடின்பரோவில் 1788-ல் தொடங்கி 1797-ல் முடிந்த பிரிட்டானிக்கா மூன்றாம் பதிப்பு 18 தொகுதி. டாப்சன் போட்டதும் 18 தொகுதி. அங்கே ஒரு பகுதி வெளிவரும், அது கப்பலேறி ஃபிலடெல்ஃபியா வரும், இவர் அதையே மறுபடி கோத்து அச்சிடுவார். அனுமதியும் இல்லை, ஈட்டுத்தொகையும் இல்லை. தலைப்பிலிருந்த 'பிரிட்டானிக்கா'வை வெட்டினார், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கான சமர்ப்பணத்தைத் தூக்கினார். அவ்வளவுதான் இவர் செய்த வேலை.

'அமெரிக்காவில் அச்சான முதல் கலைக்களஞ்சியம்' என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். 'அமெரிக்கக் கலைக்களஞ்சியம்' என்றால், 1829-ல் ஃபிரான்சிஸ் லீபர் தொடங்கிய 'என்சைக்ளோபீடியா அமெரிக்கானா'தான் முதலாவது.

ஈயஎழுத்து:
தம்பி, "அவ்வளவுதான் வேலை" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே. நான் கையால் எழுத்துக் கோத்து வளர்ந்தவன், என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை.

எடின்பரோ மூலத்தில் ஏறத்தாழ 14,500 பக்கம், 542 செப்புத்தகடு. நகல் என்றால் பொத்தானை அழுத்தினால் வருவதா? ஒவ்வொரு எழுத்தையும் பொறுக்கிக் கோக்க வேண்டும். சில பக்கங்களைப் பூட்டி, அச்சிட்டு, உடனே பிரித்து எழுத்துகளைக் கட்டத்தில் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பக்கத்துக்கு எழுத்து இருக்காது. ஆயிரம் பேர் என்று எண்ணி அடித்து முடித்த பிறகு இன்னும் நூறு பேர் சந்தா கட்டினால், பழைய பக்கங்களை முதலிலிருந்து கோக்க வேண்டும். 1789-ல் அறிவிப்பு விட்டு, 1790 தொடக்கத்தில் முதல் பகுதியை வெளியிட்டு, 1798 வரை இதை இழுத்துக்கொண்டு போனார் டாப்சன். அதுவும் அமெரிக்கக் காகிதத்தில், அங்கேயே வார்த்த எழுத்தில், அங்கேயே செதுக்கிய படங்களோடு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே.

அந்தப் படங்களைச் செதுக்கியவர்களைக் கொஞ்சம் பாருங்கள். ராபர்ட் ஸ்காட் 1793-ல் அமெரிக்க நாணயச்சாலையின் முதல் தலைமைச் செதுக்குநர் ஆனார். தாக்கராவும் வாலன்ஸும் 1792-ல் வாஷிங்டன் நகரத் திட்டப்படத்தைத் தகட்டில் ஏற்றியவர்கள். ஒரு நாட்டின் நாணயத்தையும் தலைநகர் வரைபடத்தையும் செதுக்கிய கைகள் இந்தப் புத்தகத்தில் பழகிய கைகள்.

1793-ல் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல். சுமார் ஐம்பதாயிரம் பேர் இருந்த ஊரில் ஏறத்தாழ 5,000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். வசதி உள்ளவர்கள் எல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். அதே செப்டம்பரில் டாப்சனின் அச்சுக்கூடம் தீப்பிடித்தது. அதற்குப் பிறகும் தொகுதிகள் வந்தன. இதையெல்லாம் 'நகல்' என்ற ஒரு சொல்லில் அடக்கலாமா?

சாய்வுநாற்காலி:
அண்ணே, உழைப்பை நான் மறுக்கவே இல்லை. கள்ளநோட்டு அடிப்பதற்கும் நல்ல செதுக்குநர் வேண்டும்தானே?

ஈயஎழுத்து:
கள்ளநோட்டு அடிப்பவன் நோட்டின் மேலேயே "இது என் பதிப்பு" என்று போடுவானா? டாப்சனின் தலைப்புப் பக்கத்தில் இருப்பது: "முதல் அமெரிக்கப் பதிப்பு, பதினெட்டுத் தொகுதிகளில், பெரிதும் மேம்படுத்தப்பட்டது." கீழே, "ஃபிலடெல்ஃபியா, தாமஸ் டாப்சன் அச்சிட்டது, கல் வீடு, எண் 41, தெற்கு இரண்டாம் தெரு." அமெரிக்கப் பதிப்பு என்றாலே வேறெங்கோ ஒரு மூலப் பதிப்பு இருக்கிறது என்று படிப்பவனுக்குத் தெரியும். ஒளிக்கவில்லை.

வழக்குமன்றம்:
இருவரும் சட்டத்தைத் தொடாமல் சண்டை போடுகிறீர்கள். 'கள்ளம்' என்ற பேச்சே இங்கே நிற்காது.

அமெரிக்காவின் முதல் பதிப்புரிமைச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டது 1790 மே 31. பாதுகாப்பு குடிமக்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும் மட்டும்: 14 ஆண்டு, ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. அதன் ஐந்தாம் பிரிவைப் பாருங்கள். வெளிநாட்டவர் எழுதிய நூல்களை இறக்குமதி செய்வதையோ மறுபதிப்பிடுவதையோ இந்தச் சட்டம் தடுக்காது என்று தெளிவாகவே எழுதி வைத்தார்கள். மறந்துபோய் விட்ட ஓட்டை இல்லை, வேண்டுமென்றே திறந்துவைத்த கதவு. அது மூட 1891 வரை ஆனது.

டாப்சனின் சந்தாதாரர்களில் வாஷிங்டன் உண்டு, ஜெஃபர்சன் உண்டு, ஹாமில்டன் உண்டு. நிதியமைச்சராக இருந்த இதே ஹாமில்டன்தான் 1791 டிசம்பரில் காங்கிரசுக்குக் கொடுத்த உற்பத்தித் தொழில் அறிக்கையில், நாடு முழுக்க இத்தனை அச்சகங்கள் இருக்கும்போது புத்தகத்துக்கு வெளிநாட்டை நம்ப வேண்டியதில்லை, இறக்குமதிப் புத்தகத்தின் மீதான வரியை 5 சதவீதத்திலிருந்து 10 ஆக்கலாம் என்று எழுதினார். மறுபதிப்பு அன்று அரசே விரும்பிய தொழில்.

அயர்லாந்திலும் இதே கதை. பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் அன்று அங்கே செல்லாது. ஜேம்ஸ் மூர் என்பவர் டப்ளினில் இதே மூன்றாம் பதிப்பை அப்படியே போட்டார். 'பிரிட்டானிக்கா' என்ற பெயரைக்கூட விட்டுவைத்தார். ஒன்றையும் மாற்றாதவர் அவர். டாப்சன் மாற்றினார்.

சாய்வுநாற்காலி:
சட்டப்படி குற்றமில்லை, சரி. நான் கேட்டது அது குற்றமா என்று இல்லையே. அது யாருடைய நூல் என்பதுதான் கேள்வி. பிழைக்கத் தெரிந்த வியாபாரி என்று டாப்சனுக்கு மாலை போடுங்கள், கூட நின்று கை தட்டுகிறேன். 'முதல் அமெரிக்கக் கலைக்களஞ்சியம்' என்ற பட்டம் மட்டும் வேண்டாம்.

கோடைமழை:
குறுக்கே வருகிறேன். பட்டத்தை டாப்சனிடமிருந்து பறித்து யாருக்குக் கொடுக்கிறீர்கள்? லீபருக்கா? சாய்வுநாற்காலி, அமெரிக்கானாவின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? "ஜெர்மன் கான்வர்சேஷன்ஸ் லெக்சிகனின் ஏழாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது" என்று அதிலேயே இருக்கிறது. அது ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்த ப்ரோக்ஹவுஸ் நிறுவனம் போட்ட கலைக்களஞ்சியம். எடின்பரோவுக்குப் பதில் லைப்சிக், அவ்வளவுதான் வித்தியாசம்.

லீபர் சுவையான மனிதர் என்பது வேறு. பெர்லினில் பிறந்து, பதின்வயதில் நெப்போலியனுக்கு எதிரான போரில் காயம்பட்டு, பிறகு அரசியல் காரணமாகச் சிறை பார்த்து, 1827-ல் பாஸ்டனுக்கு வந்து நீச்சல் பள்ளி நடத்தியவர். அன்றைய ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அங்கே வந்து பலகையிலிருந்து குதித்திருக்கிறார். உள்நாட்டுப் போரில் 1863-ல் லிங்கன் அரசு வெளியிட்ட போர் விதிகளை எழுதியவரும் இவரே. ஆனால் இந்தப் பெருமை எதுவும் அமெரிக்கானாவின் அடித்தளத்தை அமெரிக்கமாக்காது.

சாய்வுநாற்காலி:
மொழிபெயர்ப்பும் மறுஅச்சும் ஒன்றா? லீபர் ஒவ்வொரு கட்டுரையையும் ஆங்கிலமாக்கி, வேண்டாததைத் தள்ளி, புதிதாகச் சேர்த்தார். அமெரிக்க வாழ்க்கை வரலாறுகளுக்கு ராபர்ட் வால்ஷ் இருந்தார். சட்டக் கட்டுரைகளை எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி, அதுவும் பெயர் போடாமல். பதவியில் இருக்கும் நீதிபதி உட்கார்ந்து கலைக்களஞ்சியத்துக்கு எழுதுகிறார் என்றால் அந்த நாடு தன் அறிவைத் தானே தொகுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். 1829-லிருந்து 1833-க்குள் 13 தொகுதி. டாப்சனிடம் இப்படி ஒரு ஸ்டோரியைக் காட்டுங்கள்.

ஈயஎழுத்து:
காட்டுகிறேன். ஜெடிடையா மோர்ஸ். தந்தி கண்டுபிடித்த சாமுவேல் மோர்ஸின் அப்பா, 1789-ல் அமெரிக்கப் புவியியல் நூல் போட்டவர். டாப்சன் பதிப்பில் 'அமெரிக்கா' கட்டுரையைத் திருத்தி எழுதியவர் அவர். எடின்பரோக்காரர் கண்ணில் விடுதலைப் போர் ஒரு கலகம். அதே கட்டுரையைக் காசு கொடுத்து வாங்கும் ஃபிலடெல்ஃபியாக்காரர் அந்தக் கலகத்தில் நின்றவர். அப்படியே அச்சிட்டிருந்தால் சந்தாதாரர் சும்மா இருப்பாரா?

'குவேக்கர்கள்' கட்டுரையும் அப்படியே. ஃபிலடெல்ஃபியாவே குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உருவாக்கிய ஊர். அவர்களைப் பற்றி வெளியூர்க்காரர் எழுதியதை அவர்கள் வீட்டு வாசலிலேயே விற்க முடியாது. அந்தக் கட்டுரையும் மாறியது.

சாய்வுநாற்காலி:
பாருங்கள், நீங்களே சொல்லிவிட்டீர்கள். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்பதற்காகச் செய்த திருத்தம். 14,500 பக்கத்தில் நாலைந்து கட்டுரை. மீதிப் பக்கங்களில் வேதியியலும் உடற்கூறும் எடின்பரோவின் குரலில்தான் பேசுகின்றன.

கோடைமழை:
எடின்பரோவின் குரல் மட்டும் யாருடையது? பிரிட்டானிக்காவின் முதல் பதிப்பைத் தொகுத்த வில்லியம் ஸ்மெல்லி, கத்தரிக்கோலை வைத்துக்கொண்டே கலைக்களஞ்சியம் செய்துவிட்டேன் என்று வேடிக்கையாகச் சொல்வாராம். எந்தெந்த நூலிலிருந்து எடுத்தோம் என்று முன்னால் பட்டியலும் போட்டார்கள். கலைக்களஞ்சியம் என்ற வகையே எடுத்தாள்வதில் பிறந்தது. தூய மூலம் தேடினால் ஒன்றும் மிஞ்சாது.

டாப்சனுக்கும் லீபருக்கும் நடுவில் இன்னொன்றும் உண்டு. லண்டனில் வந்த ஆபிரகாம் ரீஸின் களஞ்சியத்தை சாமுவேல் பிராட்ஃபோர்ட் அதே ஃபிலடெல்ஃபியாவில் 1806 முதல் மறுபதிப்பிட்டார். அதற்கு உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர் அலெக்சாண்டர் வில்சன், நெசவாளியாக இருந்து பள்ளி ஆசிரியரானவர். அந்த வேலையில் இருந்துகொண்டே பிராட்ஃபோர்டை இணங்க வைத்துத் தன் அமெரிக்கப் பறவைகள் நூலை வெளியிட வைத்தார். நகல் பதிப்பின் முதுகில் ஏறி வந்த மூல நூல். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அப்புறம், 1858–63-ல் ஆப்பிள்டன் நிறுவனம் வெளியிட்ட 'புதிய அமெரிக்கக் களஞ்சியம்' 16 தொகுதி. ஆசிரியர்கள் ஜார்ஜ் ரிப்ளியும் சார்லஸ் டேனாவும், இருவரும் அமெரிக்கர்கள். எதன் மறுபதிப்பும் இல்லை. அதில் 'படை', 'பீரங்கிப்படை', 'குதிரைப்படை' எல்லாம் எழுதியது யார்? மான்செஸ்டரில் பஞ்சாலை அலுவலகத்தில் இருந்த எங்கெல்ஸ். லண்டனில் கடனில் தவித்த மார்க்சுக்குப் பணம் தேவைப்பட்டது, டேனாவின் வேலையை ஏற்றுக்கொண்டார், பாதிக்கு மேல் எங்கெல்ஸ் எழுதிக் கொடுத்தார். தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரைப் பற்றி மார்க்ஸ் எழுதியதில் இருந்த காரத்தைப் பார்த்து டேனாவே முணுமுணுத்தார். இது அமெரிக்கக் கலைக்களஞ்சியமா, ஐரோப்பியமா?

சாய்வுநாற்காலி:
அது அமெரிக்கம்தான். கூலி கொடுத்து எழுதச் சொன்னவர் நியூயார்க்கில் இருந்தார், எதை எழுதுவது என்று முடிவு செய்ததும் அங்கேதான். எழுதியவர் எங்கே இருந்தார் என்பது எனக்குப் பொருட்டில்லை. என்ன சேர்ப்பது, எதை விடுவது என்று யார் முடிவெடுத்தார் என்பதுதான் என் அளவுகோல். டாப்சனுக்கு அந்த முடிவை எடின்பரோ எடுத்துக் கொடுத்தது. அங்கே அடுத்த பகுதி வரவில்லை என்றால் இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

வழக்குமன்றம்:
இந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது டாப்சனை முழுசாக வெளியே தள்ளாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் பிந்திய வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

பிரிட்டானிக்கா ஒன்பதாம் பதிப்பை அமெரிக்காவில் முறைப்படி விற்ற நிறுவனங்களில் ஸ்க்ரிப்னர் ஒன்று. ஃபிலடெல்ஃபியாவின் ஸ்டாடார்ட் அதை அனுமதியில்லாமல் மறுபதிப்பிட்டார் (அந்த ஊருக்கு இது குலத்தொழில் போலிருக்கிறது). 1879-ல் வழக்குப் போட்டும் தடை கிடைக்கவில்லை. மூலப் பதிப்பாளர்களான பிளாக் நிறுவனம் வேறு வழி பார்த்தது. சில கட்டுரைகளை அமெரிக்கர்களிடம் எழுதி வாங்கி, அவற்றுக்கு மட்டும் அமெரிக்கப் பதிப்புரிமை பதிந்தது. ஃபிரான்சிஸ் வாக்கர் எழுதிய 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' பற்றிய பகுதி அப்படிப்பட்டது. 1890-ல் ஆலன் என்ற மறுபதிப்பாளருக்கு எதிரான வழக்கில் நியூயார்க்கில் இருந்த நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றது. முழு நூல் திறந்தவெளி, நடுவில் சில அமெரிக்கக் கட்டுரைகள் மட்டும் வேலி போட்ட மனை.

ஆக, சட்டத்தின் கண்ணில் நூல் ஒரே உடல் இல்லை, கட்டுரை கட்டுரையாகப் பிரியும். சாய்வுநாற்காலியின் அளவுகோலையும் கட்டுரை வாரியாக வைத்தால், மோர்ஸ் எழுதியது அமெரிக்கம், மற்றது எடின்பரோ. "நாலைந்துதானே" என்பது எண்ணிக்கை பற்றிய பேச்சு.

ஈயஎழுத்து:
எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் துணைத்தொகுதிகளுக்கு வாருங்கள். எடின்பரோ 1801-ல் மூன்றாம் பதிப்புக்குப் போட்ட துணைத்தொகுதிகள் இரண்டு. டாப்சன் 1803-ல் முடித்தது மூன்று. கூடுதலாக இருப்பதில் அமெரிக்க ஊர்கள், ஆறுகள், மாவட்டங்கள் பற்றிய குறுங்கட்டுரைகள் நிறைய. அதை எடின்பரோ எடுத்துக் கொடுக்கவில்லை. என்ன சேர்ப்பது என்று கல் வீட்டில் இருந்தவர்தான் முடிவெடுத்தார்.

சாய்வுநாற்காலி:
துணைத்தொகுதிக்கு வேண்டுமானால் தருகிறேன். 18 தொகுதிக்குத் தர மாட்டேன். என் அலமாரியில் அவை "பிரிட்டானிக்கா, மூன்றாம் பதிப்பு, ஃபிலடெல்ஃபியா மறுஅச்சு" என்ற சீட்டோடுதான் நிற்கும்.

ஈயஎழுத்து:
நிற்கட்டும். அந்தச் சீட்டை நம்பி ஒருவர் முதல் தொகுதியை எடுத்து 'அமெரிக்கா' கட்டுரையைப் பிரித்து, "எடின்பரோக்காரர்கள் இப்படி நினைத்தார்கள்" என்று மேற்கோள் காட்டினால் யார் பொறுப்பு?

சாய்வுநாற்காலி:
சீட்டில் ஒரு வரி சேர்க்கிறேன்: "சில கட்டுரைகள் மாற்றப்பட்டவை."

ஈயஎழுத்து:
எவை என்று எழுதுங்கள். இரண்டு பதிப்பின் வருடிய படிகளும் இணையத்தில் இருக்கின்றன. நான் முதல் தொகுதியிலிருந்து ஒப்பிட ஆரம்பிக்கிறேன், நீங்கள் 'குவேக்கர்கள்' வரும் தொகுதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்.