ஒருவழியாகச் செட் ஆகிவிட்டது

(எங்கள் வளவு வீட்டுக் குழு, ஞாயிறு காலை)

பெரியப்பா: ஒருவழியாகச் செட் ஆகிவிட்டது. எல்லாம் முருகன் செயல்.

கோனாபட்டு அத்தை: அப்படியா அண்ணே! ரொம்பச் சந்தோஷம். பெண் எந்த ஊர்? நம் நகரத்தார் கோயில் பிரிவில் எந்தக் கோயில்?

பெரியப்பா: பெண்ணா? முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைச் சொன்னேன் தாயி. 200 கல், எல்லாம் பூப்போட்டது. அடியில் போட்ட கலவை இறுகிவிட்டது.

கோனாபட்டு அத்தை: போங்கண்ணே. மாத்தூர்க் கோயிலா, இலுப்பைக்குடிக் கோயிலா என்று இங்கே பேச்சே ஆரம்பித்துவிட்டது.

தம்பி: எனக்கே தெரியாமல் எனக்குக் கல்யாணமோ என்று பயந்துவிட்டேன்.

ஆச்சி: அந்த ஒரு சொல்லிடம் எத்தனை வேலை வாங்குகிறோம்! பம்புசெட், மைக்செட், செட் தோசை, சினிமா செட். நேற்றுச் சேலைக் கடையில், "இந்தக் கலர் உங்களுக்குச் செட் ஆகாது" என்றான். வாங்காமல் வந்துவிட்டேன்.

சிங்கப்பூர் அண்ணன்: செட்டப்பை விட்டுவிட்டாயே.

ஆச்சி: பெரியவர்கள் இருக்கிற குழு இது!

சிங்கப்பூர் அண்ணன்: சரி சரி. 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் மிக நீளமான பதிவே இந்தச் செட்தான். சுமார் 430 பொருள், விளக்கத்துக்கே 60,000 சொற்கள். புதிய பதிப்பில் ரன் என்கிற சொல் அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்.

நான்: இன்னொன்று அண்ணே, அது உண்மையில் இரண்டு சொல். வைப்பது, பதிப்பது என்கிற செட் பழைய ஆங்கிலம். உட்காருவதற்கான சொல்லோடு உறவு, உட்காரவைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம், தொகுதி என்கிற செட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒலி ஒன்றாகிவிட்டதால் பங்காளி மாதிரித் தெரிகிறது.

பெரியப்பா: அப்படியானால் கல் செட் ஆனது ஒன்று, "அவர் எங்கள் காலேஜ் செட்" என்பது வேறொன்றா? பரவாயில்லையே.

கோனாபட்டு அத்தை: என் கல்யாணத்துக்குச் சாமான் பரப்பியபோது செட் என்று யார் சொன்னார்கள்? பாத்திரம் என்றால் அடுக்கு, சீட்டு என்றால் கட்டு, கம்மல் என்றால் ஜோடி. இப்போது கடையில் எல்லாமே செட். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அப்பத்தா (பெரியம்மா போனிலிருந்து): நம் "போடு" மட்டும் என்ன இளப்பமா? கோலம் போடுகிறோம், சோறு போடுகிறோம், வெற்றிலை போடுகிறோம், சண்டை போடுகிறோம். டாக்டர் ஊசி போடுகிறார். சம்பந்தி எத்தனை பவுன் போடுவீர்கள் என்கிறார்.

தம்பி: அப்பத்தாவே போடு!

பெரியப்பா: அது இருக்கட்டும். இன்று முழுக்க யாரும் முகப்பை மிதிக்கவேண்டாம்.

அப்பத்தா: நான் விடியற்காலையிலேயே அதைத் தாண்டித்தானே கோயிலுக்குப் போய் வந்தேன். ஒரு கல் லேசாக ஆடியது.

பெரியப்பா: எந்தக் கல் ஆத்தா?

அப்பத்தா: பூப்போட்ட கல்.