பாபநாசம் படத்துல பேசுறது நெல்லைத் தமிழா? யாரு சொன்னா?

வி.கே.புரத்தான்:
ஞாயித்துக்கிழமை டிவியில பாபநாசம் போட்டான். அதப் பாத்துட்டு இங்க ரிமோட் ராசாத்தின்னு ஒரு அக்கா "நெல்லைத் தமிழ் கேக்கணுமா, கமல் பேசுறதக் கேளுங்க, அச்சு அசல்"னு எழுதியிருக்காவ. எனக்கு வந்துச்சே ஆத்திரம். நான் பொறந்தது விக்கிரமசிங்கபுரம். எங்க வீட்டு மாடியில நின்னா பொதிகை மலை தெரியும். பாபநாசம் கோயிலுக்கு சைக்கிள மிதிச்சா டீ ஆறுறதுக்குள்ள போயிரலாம். எங்க ஊர்ல எவனும் எட்டு வார்த்தைக்கு ஒரு 'வே' போட்டுப் பேச மாட்டான். 'வே'ங்கது மரியாதை. ஆள் பாத்து, இடம் பாத்துச் சொல்லுத வார்த்தை. சினிமாக்காரன் அத மிச்சருக்குக் கறிவேப்பிலை தூவுத மாதிரி தூவிட்டுப் போயிருதான், மெட்ராஸ்காரங்க "ஆகா அசல்"ங்காவ.

ரிமோட் ராசாத்தி:
அண்ணா, நான் எழுதினதே மூணு வரி. அதுல ரெண்டு வரி கௌதமியைப் பத்தி. அதை எல்லாம் விட்டுட்டு 'அசல்'ங்கிற ஒரே வார்த்தையைப் பிடிச்சுத் தொங்குறீங்க. போகட்டும். எட்டு வார்த்தைக்கு ஒரு 'வே'ன்னு கணக்கே சொல்லிட்டீங்களே, எந்தக் காட்சி? எத்தனாவது நிமிஷம்?

வி.கே.புரத்தான்:
காட்சி என்ன காட்சி? படம் பூரா அப்படித்தான்.

ஆண்டவர் பக்தன்:
இந்தியாவுலயே இத்தனை வட்டாரத் தமிழ் பேசி நடிச்ச ஒரு ஆளைக் காட்டுங்க பார்ப்போம். மைக்கேல் மதன காம ராஜன்ல பாலக்காடு, சதிலீலாவதில கோவை, தெனாலில யாழ்ப்பாணம், விருமாண்டில மதுரை, பாபநாசத்துல நெல்லை. உங்க ஊர்ப் பேச்சைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போய்ச் சேர்த்தவருக்கு ஒரு நன்றி சொல்ல மனசு வரல. குத்தம் மட்டும் கண்டுபிடிக்கத் தெரியுது.

யாழ் பனங்காய்:
தெனாலியை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்? அதில கதைச்சது யாழ்ப்பாணத் தமிழ் எண்டு எங்கட அம்மம்மாவிட்டச் சொல்லிப் பாருங்கோ. பிறகு உங்களுக்குத் தேத்தண்ணியும் கிடையாது. நான் வாறன்.

ஆண்டவர் பக்தன்:
@யாழ் பனங்காய் அது நகைச்சுவைப் படம், ஐயா. 2000-ல வந்த படத்துக்கு இன்னுமா கோவம்?

பாளை வாத்தியார்:
நான் படம் பார்க்கவில்லை. ஆனால் மேலே வி.கே.புரத்தான் ஒரு பொய்யைச் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். 'வே' மரியாதைச் சொல்லாம்! முப்பத்து நாலு வருடம் பாளையங்கோட்டையில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் சொல்கிறேன். 'வே' சமவயதுக்காரர்களுக்குள் புழங்குவது. மூத்தவரை 'வே' என்றால் செவிட்டில் அறை விழும். என் கதையையே சொல்கிறேன். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுத் திண்ணையில் சீட்டாட்டம். ஆட்ட மும்முரத்தில் மாமனாரைப் பார்த்து "போடும்வே சீட்டை" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் சீட்டை மடக்கி வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்து அவர் என்னிடம் வாய் திறந்து பேசியது தலைப் பொங்கலுக்கு. ஆறு மாதம்! இதுதானா உங்கள் மரியாதை?

வி.கே.புரத்தான்:
வாத்தியாரே, உங்க மாமனாருக்கு நீங்க சீட்டுல ஜெயிச்ச கோவமா இருக்கும். என் கதையக் கேளும். எங்கப்பா மில்லுல சாதா ஆளாச் சேந்தவரு. பன்னெண்டு வருசம் அங்க இருந்த கணக்கப்பிள்ளை அவர "ஏலே, இங்க வாலே"ன்னுதான் கூப்பிட்டாரு. மேஸ்திரி ஆன அன்னைக்கு அதே கணக்கப்பிள்ளை எழுந்திருச்சு, "உக்காரும்வே"ன்னு ஸ்டூல இழுத்துப் போட்டாராம். சாயங்காலம் சங்கு ஊதினதும் எங்கப்பா நேரா வீட்டுக்கு வரல. அல்வா வாங்கிட்டு வந்தாரு. வாழையிலைப் பொட்டலம், நெய் கசிஞ்சு சட்டைப் பையெல்லாம் பிசுக்கு. அம்மை ஏசப் போனா, "ஏட்டி, இன்னைக்கு என்னைய 'வே'ன்னு கூப்பிட்டாருட்டி"ன்னாரு. சம்பளம் எவ்வளவு கூடிச்சுன்னு அம்மைகிட்ட அவரு சொன்னது அடுத்த மாசம். இப்பச் சொல்லும், 'வே' மரியாதையா இல்லியா?

ரிமோட் ராசாத்தி:
நல்லா இருக்கு, அண்ணா. நிஜமாவே. ஆனா நிமிஷம்?

பாளை வாத்தியார்:
உங்கள் கதையே உங்களுக்கு எதிரானது, ஐயா. கணக்கப்பிள்ளை உங்கள் அப்பாவை 'வே' என்றார். உங்கள் அப்பா கணக்கப்பிள்ளையை 'வே' என்றாரா? மாட்டார். அண்ணாச்சி என்றுதான் சொல்லியிருப்பார். மேலிருந்து கீழே வரும், சமத்தில் புழங்கும், கீழிருந்து மேலே போகாது. இதற்குப் பெயர் மரியாதையா?

வி.கே.புரத்தான்:
'லே'க்கு மேல இருக்குல்லா? அப்ப மரியாததான்! "என்னலே சொல்லுத"ங்கது ஒண்ணு, "என்னவே சொல்லுதீரு"ங்கது ஒண்ணு, "என்ன அண்ணாச்சி சொல்லுதிய"ங்கது ஒண்ணு. நடுவுல இருக்கது 'நீரு'. உங்க பாளையங்கோட்டையில சர்ச்சுக்குச் சர்ச்சு கடவுளயே 'நீர்', 'உம்மை'ன்னுதான ஜெபம் பண்ணுதாவ? கடவுளுக்கு மரியாத இல்லன்னு சொல்லுவியளோ?

பாளை வாத்தியார்:
கடவுளை 'நீர்' என்கிறார்கள். எந்தச் சபையிலாவது 'வே' என்று ஜெபம் பண்ணிக் கேட்டிருக்கிறீரா?

வி.கே.புரத்தான்:
பாத்தியளா, இப்ப நீரே என்னைய 'நீரு'ன்னுட்டீரு. எனக்கு வருத்தமா வந்துச்சு? வரலியே. மரியாததான்வே அது.

குடந்தை வெத்தல:
எல்லாரும் பாபநாசம் பாபநாசம்ங்கிறீங்க. தஞ்சாவூர்ல இருந்து கும்பகோணம் ரயில் ஏறினா வழியில வர்றது எங்க பாபநாசம். நூத்தியெட்டு சிவாலயம் இருக்கிற ஊர். பாபநாசம் சிவன்னு சொன்னா எந்த பாபநாசம்? எங்களோடது. படத்துக்கு அந்தப் பேர் வெச்சதும் சொந்தக்காரனுங்க எல்லாம் போன் பண்ணி "உன் ஊர்லயா ஷூட்டிங், கமலைப் பார்த்தியா"ன்னு உயிரை எடுத்துட்டானுங்க.

லாலேட்டன் தம்பி:
அடிப்படை தப்பு எங்கன்னு யாரும் பேச மாட்டேங்கறீங்க. பாபநாசமே மலையாளத் திருஷ்யத்தோட ரீமேக்தான், 2013-ல அது வந்தப்பவே கதை முடிஞ்சுது. மோகன்லால் அந்தக் கடைசிக் காட்சியை அடக்கி வாசிச்சார். அவர் நடிச்ச ஜார்ஜ்குட்டி மனசுல என்ன ஓடுதுன்னு நாமதான் தேடணும். இங்க சுயம்புலிங்கமா வர்ற கமல் செத்த பையனோட அப்பா அம்மா முன்னாடி உடைஞ்சு அழறார். அந்த அழுகையோட அவனோட சாமர்த்தியமே போச்சு. பேச்சு நெல்லையா நாகப்பட்டினமாங்கறது ரெண்டாவது.

ஆண்டவர் பக்தன்:
ரெண்டையும் எடுத்தது ஒரே ஜீத்து ஜோசப்தான். இந்த அழுகை வேண்டாம்னா அவரே வெட்டியிருப்பார். தமிழ்ல அப்பா அழுவான் சார். கன்னடம், தெலுங்கு, ஹிந்தி, சிங்களம், சீனாக்காரன்கூட 2019-ல இந்தக் கதையை எடுத்துட்டான். எல்லாத்தையும் பார்த்துட்டு வந்து பேசுங்க.

லாலேட்டன் தம்பி:
சீனப் படத்தை நீங்க பார்த்தீங்களா?

ஆண்டவர் பக்தன்:
அது இப்ப முக்கியமில்லை.

வி.கே.புரத்தான்:
அழுகைய விடுங்க. அழும்போது என்ன தமிழ்ல அழுதாரு, அதச் சொல்லுங்க. வசனம் எழுதினது ஜெயமோகன். அவரு நாகர்கோவில் பக்கத்து ஆளு. நல்லா எழுதக்கூடியவருதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆரல்வாய்மொழி தாண்டினா காத்தும் வேற, பேச்சும் வேற. எங்க 'வே'ய அங்க இருந்து ஒருத்தர் எழுதிக் கொடுத்தா எப்படி வரும்? அதான் கணக்கில்லாம விழுது.

மார்த்தாண்டம் மக்கா:
ஓய் வி.கே.புரம், வாய அடக்கிப் பேசும். தமிழுக்கு அத்தாரிட்டி உங்க தாமிரபரணித் தண்ணி மட்டும் இல்ல. எங்க ஜில்லாவுல எழுதுகவங்களப் போல எழுத உங்க பக்கத்துல எத்தன பேரு உண்டும்?

வி.கே.புரத்தான்:
1956-ல தான் தமிழ்நாட்டுக்கே வந்திய. அதுக்குள்ள எங்களுக்குப் பாடமா?

மார்த்தாண்டம் மக்கா:
வந்தோம்னு சும்மா சொல்லாதயும் ஓய். நேசமணி தலைமையில போராடி, துப்பாக்கிச் சூட்டுல ஆளப் பறிகுடுத்து வந்தோம். பின்ன, உங்க செங்கோட்டை எப்ப வந்தது? அதுவும் அதே திருவிதாங்கூர்தான், அதே 1956 நவம்பர் 1-தான். அவங்கள மட்டும் அல்வா குடுத்து மடியில வச்சுக்கிட்டிய. எங்களுக்குப் பேச்சே வராதோ?

வி.கே.புரத்தான்:
செங்கோட்டை இப்ப தென்காசி மாவட்டம். அதப் பத்தி அவங்ககிட்டக் கேளும்.

மார்த்தாண்டம் மக்கா:
ஹஹ. 2019-ல மாவட்டம் பிரிஞ்சதும் கைகழுவியாச்சு. நல்ல சொந்தம் மக்கா.

ரிமோட் ராசாத்தி:
1956, செங்கோட்டை, சீனா, ஜெபம் எல்லாம் வந்துடுச்சு. நிமிஷம் மட்டும் இன்னும் வரல.

ஒரு சந்தேகம் கேக்கறேன். சுயம்புலிங்கம் யாரு? கேபிள் டிவி நடத்துறவன். ராத்திரி வீட்டுக்குக்கூடப் போகாம ஆபீஸ்ல உக்காந்து படம் படமாப் பாக்குறவன். போலீஸை ஏமாத்தின வித்தையே அவனுக்கு சினிமால இருந்துதானே வருது? அப்படிப்பட்டவன் பேச்சுல சினிமா வாடை அடிக்காம, உங்க தாத்தா பேச்சா இருந்தாத்தான் எனக்கு இடிக்கும். நீங்க சொல்ற 'அதிகப்படி வே' இருக்குன்னே வெச்சுக்கிட்டாலும், அது அந்த ஆளுக்குச் சரிதானே?

வி.கே.புரத்தான்:
அக்கா, நீங்க பேச்ச மாத்துதிய. 'வே' மரியாதையா இல்லியா, அதான் கேள்வி.

ரிமோட் ராசாத்தி:
அது உங்களுக்கும் வாத்தியாருக்கும் உள்ள கேள்வி! என்கிட்ட நீங்க கேட்டது 'அசலா'ன்னு.

வி.கே.புரத்தான்:
ரெண்டும் ஒண்ணுதான். 'வே' தெரியாதவனுக்கு அசலும் தெரியாது. அசல் வேணும்னா பரியேறும் பெருமாள் பாருங்க, வாழை பாருங்க. மாரி செல்வராஜ் எங்க பக்கத்து மண்ணு. அந்தப் பசங்க வாயத் தொறந்தா வாழைத்தார் சுமந்த தோள்பட்டை வலி காதுல கேக்கும்.

மார்த்தாண்டம் மக்கா:
வாழை நடக்கது தூத்துக்குடி மாவட்டம் ஓய். 1986-ல பிரிஞ்சது. செங்கோட்டைக்கு ஒரு நியாயம், ஸ்ரீவைகுண்டத்துக்கு ஒரு நியாயமா?

வி.கே.புரத்தான்:
ஆறு ஒண்ணுதானவே!

பாளை வாத்தியார்:
கவனியுங்கள். கோபம் வந்ததும் 'வே' போட்டுவிட்டார். இதுதான் நான் சொன்னது. ஏசும்போது எப்படி ஐயா மரியாதை வரும்?

வி.கே.புரத்தான்:
ஏசும்போதும் மரியாதையா ஏசுதது எங்க ஊரு வழக்கம். உங்க பாளையங்கோட்டையில ஆஸ்டல் பிள்ளைய நாலு ஜில்லாவுல இருந்து வந்து பேச்சே கலந்துபோச்சு. நீங்க இலக்கணம் நடத்தலாம், எங்க தெருவுல வந்து பேசினா சின்னப் பையன் சிரிப்பான்.

பாளை வாத்தியார்:
பத்து வருடம் முன்னால் இதே ஆள் 'ழ'கரம் பற்றி என்னிடம் வாதாடித் தோற்றது எனக்கு மறக்கவில்லை. வாளப்பளம் என்று எழுதியவர்.

வி.கே.புரத்தான்:
அது தட்டச்சுப் பிழைன்னு அன்னைக்கே சொல்லியாச்சு!!

லாலேட்டன் தம்பி:
கடைசிக் காட்சியைப் பத்தி நான் சொன்னதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. அடக்கி வாசிச்சது மோகன்லால்.

ஆண்டவர் பக்தன்:
பதில் சொல்லியாச்சு. தமிழ்ல அப்பா அழுவான்.

லாலேட்டன் தம்பி:
மலையாளத்துல அப்பனுக்குக் கண்ணீர் சுரப்பி இல்லையா?

ரிமோட் ராசாத்தி:
எனக்கு அந்த அழுகை பிடிச்சிருந்தது. என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு "வெங்காயம் நறுக்கினியா"ன்னு கேட்டார். அடுப்பே பத்த வைக்கல அன்னைக்கு. சரி, வி.கே.புரம் அண்ணா, நிமிஷம்?

வி.கே.புரத்தான்:
நேத்து ராத்திரி இதுக்காகவே படத்த மறுபடி போட்டேன் அக்கா. நோட்டும் பேனாவும் எடுத்து வச்சு, 'வே'க்கு ஒரு கோடு, 'லே'க்கு ஒரு கோடுன்னு. மூணு மணி நேரப் படம். எங்க வீட்டம்மாவும் வந்து உக்காந்தா. அந்தப் பையன் வீட்டுக்கு வந்து செல்போன வச்சு மெரட்டுத இடத்துக்கு மேல நான் கோடு போட மறந்துட்டேன். அதுக்காக நான் சொன்னது தப்புன்னு ஆகாது. அதுவரைக்கும் போட்ட கோடே போதும்.

ரிமோட் ராசாத்தி:
எத்தனை கோடு?

வி.கே.புரத்தான்:
நோட்டு வீட்டுல இருக்கு. நான் இப்ப கடையில இருக்கேன்.

பாளை வாத்தியார்:
எண்ணிக்கை முக்கியமல்ல. யார் யாரைச் சொன்னார்கள் என்பதே முக்கியம். மூத்தவரைச் சொன்னால் அது மரியாதை ஆகாது.

வி.கே.புரத்தான்:
மரியாததான்.

பாளை வாத்தியார்:
என் மாமனாரைக் கேளும்.

மார்த்தாண்டம் மக்கா:
அவரு இப்பமும் பேசுகதில்லையோ?

குடந்தை வெத்தல:
எங்க பாபநாசத்தைப் பத்தி ஒரு ஆள் பதில் சொல்லல. பரவால்ல.

வி.கே.புரத்தான்:
@குடந்தை வெத்தல உங்க ஊர்ல அருவி இருக்கா? இல்லல்லா? பொறவென்ன. @பாளை வாத்தியார் கடையப் பூட்டிட்டு ஒம்போது மணிக்கு வாரேன், இருங்க. நோட்டோட வாரேன்.