"பலவழி நெடுவரிசை" சரியா வருமா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மென்பொருளோட எரர் மெசேஜ்களைத் தமிழாக்குறதுல, "கேனாட் ரீநேம் இன்ஹெரிட்டட் காலம்"னு (இன்னொரு டேபிள்லேர்ந்து வந்த column-ஓட, அதாவது நெடுவரிசையோட, பேரை மாத்த முடியாதுன்னு) வர்ற வரிக்கு "மரபுரிமை நெடுவரிசை"னு போட்டிருக்கீங்க சார், அதுல "உரிமை"ங்கறதுதான் எனக்கு இடிக்குது. அந்த மெசேஜ் வர்றதே சைல்டு டேபிளுக்கு (பேரன்ட் டேபிள்கிட்டேர்ந்து நெடுவரிசைகளை வாங்கிக்கிற டேபிளுக்கு) அந்தப் பேரை மாத்துற உரிமை இல்லேன்னு சொல்லத்தானே. இன்ஹெரிட்டன்ஸ்ங்கற கருத்துக்கு மரபுரிமம்னே இருக்கட்டும், நெடுவரிசைக்கு மட்டும் "வழிவந்த"ன்னு வைக்கலாம்.

ஆனா ரெண்டு பேரன்ட் இருந்தா அதுவும் பத்தாது. மாணவர், ஊழியர்னு ரெண்டு டேபிள், ரெண்டுலயும் "பெயர்" இருக்கு, ரெண்டையும் இன்ஹெரிட் பண்ணி "உதவியாசிரியர்"னு மூணாவது டேபிள் போட்டா ஒரு நோட்டீஸ் விட்டுட்டு ரெண்டு பெயரையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணிடும், நெடுவரிசை விவரங்களை வச்சிருக்கிற பிஜி_ஆட்ரிபியூட்ங்கற உள் டேபிள்ல, எத்தனை நேரடி பேரன்ட்கிட்டேர்ந்து வந்ததுன்னு காட்டுற ஆட்இன்ஹ்கவுன்ட் 2னு நிக்கும். இப்ப மாணவர்ல பெயரை "முழுப்பெயர்"னு மாத்தப் போனா அதே எரர் வரும், ஏன்னா சைல்டுலயும் மாத்தியாகணும், மாத்தினா ஊழியர் பக்கத்துலேர்ந்து தேடுற "பெயர்" அங்க இருக்காது. மாத்துறவருக்கோ, பெயர் மாணவர்லயே பிறந்தது, இதை ஏன் இன்ஹெரிட்டட்ங்குதுன்னு தலை சுத்தும், மெசேஜ்ல எந்த டேபிள்னும் இருக்காது.

இதே மாணவரும் ஊழியரும் "நபர்"ங்கற ஒரே டேபிள்லேர்ந்து பெயரை வாங்கியிருந்தா, நபர்ல மாத்தினா எல்லாத்துலயும் ஒழுங்கா மாறிடும், உதவியாசிரியர்ல கவுன்ட் அப்பவும் 2தான். மாத்துற இடத்துலேர்ந்து வர்ற கிளைகள்ல எத்தனை நேரடி வழி சைல்டுக்குள்ள நுழையுதுன்னு எண்ணி, கவுன்ட் அதைவிட ஜாஸ்தியா இருந்தாத்தான் தடுக்குது. அதனாலதான் பேரன்ட் எண்ணிக்கையைச் சொல்ற "பல்பெற்றோர்" மாதிரி சொல் வேண்டாம், "பலவழி நெடுவரிசை"ன்னு வைக்கலாங்கறேன். "இருவழி"ன்னு சொன்னா மூணு பேரன்ட் வந்ததும் மாட்டிக்குவோம்.

விளக்கக் குறிப்புல தீர்வையும் சேர்த்துடலாம்: உதவியாசிரியரை ஊழியர்கிட்டேர்ந்து நோ இன்ஹெரிட் கட்டளை போட்டுப் பிரிச்சு, மாணவர்ல ரீநேம் பண்ணினா சைல்டும் கூடவே மாறிடும், அப்புறம் ஊழியர்லயும் ரீநேம் பண்ணிட்டு திரும்ப இன்ஹெரிட். இப்படிப் பிரிச்சுச் சேர்க்குற வசதி போஸ்ட்கிரெஸ் 8.2 பதிப்புலேர்ந்தே இருக்கு. எல்லாத்தையும், மொத்தமா ஒரே நேரத்துல அமலாகுற ஒரே டிரான்சாக்‌ஷன்ல பண்ணணும்னு கண்டிப்பா எழுதணும், இல்லேன்னா நடுவுல ஊழியரை க்வெரி பண்றவங்களுக்கு உதவியாசிரியர் வரிசைகள் காணாமப் போயிடும்.

மெசேஜுக்கு என் பரிந்துரை: "'பெயர்' வழிவந்த நெடுவரிசை, பெயர் மாற்ற இயலாது". பலவழிங்கறதை குறிப்புல மட்டும் வச்சுக்கலாம், மூல மெசேஜ்ல அந்த வேறுபாடு கிடையாது. ஆட்சேபம் இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா சொற்பட்டியல்ல ஏத்திடறேன்.